சேர்க்கும் ஆசையும் வீட்டாரின் உரிமையும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. நம்மில் சிலருக்குப் பழைய நாணயங்களைச் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. சிலர் தபால்தலைகளைச் சேர்க்கிறார்கள்; சிலர் நூல்களை, சிலர் கடிகாரங்களை, சிலர் அத்தர் புட்டிகளைச் சேர்க்கிறார்கள். பெண்களில் சிலர் அலமாரி கொள்ளாத அளவுக்குச் சேலைகளைச் சேர்க்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை தம்மளவில் ஆகுமானவையே. ஆயினும், கணவனும் மனைவியும் ஒரே வருமானத்தில் வாழும் வீட்டில், ஒருவருடைய ஆசைக்காகச் செலவாகும் பணத்தில் மற்றவருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பங்கு கரைந்து போகிறதே, அதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

நாம் கூடியிருக்கும் எட்டயபுரம் இக்கேள்விக்கு மிகவும் பொருத்தமான ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் இவ்வூர் அரசவையில் வாழ்ந்து, இவ்வூர் மண்ணிலேயே அடங்கியிருக்கிறார். 1882-ஆம் ஆண்டு சுப்பிரமணிய பாரதியார் பிறந்ததும் இங்கேதான். 1920-இல் பொட்டல்புதூரில் இஸ்லாத்தைப் பற்றி உரையாற்றியவர் என்ற வகையில் நம் மக்களும் அவரை அன்புடன் நினைவுகூர்கின்றனர்.

அவருடைய துணைவியார் செல்லம்மாளின் நினைவுகளிலிருந்து பலரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்த நாளில் பாரதியார் சென்னை சென்றார். கையில் பணமும் இருந்தது. திரும்பி வரும்போது வீட்டுக்கு வேண்டிய பண்டங்கள் வரும் என்று மனைவி எதிர்பார்த்திருந்தார். வந்து இறங்கியவையோ பெரும்பாலும் புத்தக மூட்டைகள்! அவருக்கு அவை அழியாத செல்வம். வீட்டை நடத்த வேண்டியவருக்கோ, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற கவலை.

அன்புச் சகோதரர்களே! அந்த மாபெரும் கவிஞரைக் குறை கூறுவதற்காக இதனை நாம் எடுத்துரைக்கவில்லை. அவர் வாங்கியது மதுவன்று, சூதுமன்று, அறிவு தரும் நூல்கள். அப்படிப்பட்ட நல்ல பொருளை வாங்கியபோதும் வீட்டில் ஒருவர் மனம் வாடியிருக்கிறது. ஆகவே, வாங்கும் பொருள் நல்லதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எவருடைய பங்கிலிருந்து வாங்குகிறோம், வீட்டாரைக் கேட்டோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

சேர்ப்பது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். மனிதன் தன் மனத்துக்கு இதமான ஒன்றில் ஈடுபடுவதை இஸ்லாம் வெறுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளவயதில் விளையாட்டுப் பொம்மைகளை வைத்திருந்தார்கள். அவற்றுள் இறக்கை உள்ள குதிரை ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னை அவர்கள் பதிலளிக்க, பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் (அபூதாவூத்). வீட்டில் ஒருவருக்குப் பிடித்த ஒன்றைக் கண்டு முகம் சுளிக்காமல் மகிழ்வது நபிவழி என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

சேர்ப்பவர்களால் சமுதாயம் பெற்ற நன்மைகளும் பல. ஓலைச் சுவடிகளில் வழங்கி வந்த சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842-இல் அச்சேற்றினார்கள். சுவடிகளைப் பேணிக் காத்த குடும்பங்கள் இல்லையேல் அச்சேற்ற என்ன இருந்திருக்கும்? பாட்னாவில் குதா பக்ஷ் என்ற வழக்கறிஞர், தம் தந்தை விட்டுச் சென்ற 1,400 கையெழுத்துப் பிரதிகளை ஏறத்தாழ 4,000 ஆகப் பெருக்கி, 1891-இல் மக்கள் அனைவருக்குமான நூலகமாக ஆக்கினார். அது இன்றும் நிலைத்திருக்கிறது. ஆகவே, சேர்ப்பதே பாவம் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

அல்லாஹ் கண்டிப்பது வேறொன்றை. அத்தகாஸுர் அத்தியாயத்தின் தொடக்கம் (102:1,2), மேலும் மேலும் பெருக்கிக்கொள்ளும் ஆசை மண்ணறையைச் சந்திக்கும் வரை மனிதனைப் பராக்காக்கிவிடுவதைக் கூறுகிறது. இந்த அத்தியாயத்தை ஓதிய நபி (ஸல்) அவர்கள், என் செல்வம், என் செல்வம் என்று மனிதன் சொல்லிக்கொள்கிறான். ஆனால் உண்டு தீர்த்ததும், உடுத்திக் கிழித்ததும், தர்மம் செய்து முன்னால் அனுப்பியதும் தவிர வேறெதுவும் அவனுடையதன்று என விளக்கினார்கள் (முஸ்லிம்). இருப்பதை நினைத்து நன்றி செலுத்தாமல், இல்லாத ஒன்றையே நினைத்துத் தூக்கம் இழக்கும் நிலை வந்துவிட்டால், அங்கே பொழுதுபோக்கு முடிந்து நோய் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எவர் பங்கு முதலில்?

இல்லறத்தின் செலவைக் கணவன் மீது அல்லாஹ் கடமையாக்கியுள்ளான் (4:34). அது கணவன் விரும்பினால் தருகின்ற அன்பளிப்பு அன்று. மனைவி மக்களுக்குரிய உரிமை. ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள், தம் கணவர் அபூஸுஃப்யான் போதிய அளவு தருவதில்லை என்று முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அனுமதி கேளாமலேயே எடுத்துக்கொள்ளத் தக்க அளவுக்கு அது உறுதியான உரிமை!

தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பாழாக விட்டுவிடுவதே ஒருவனுக்குப் போதிய பாவம் என்றும் (அபூதாவூத்), இறைவழியிலும், அடிமையை விடுவிப்பதிலும், ஏழைக்கும், குடும்பத்துக்கும் செலவிடும் தீனார்களில் குடும்பத்துக்குச் செலவிட்ட தீனாரே நற்கூலியில் பெரியது என்றும் (முஸ்லிம்) பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தர்மத்துக்கே இந்த வரிசை என்றால், பொழுதுபோக்குக்கு எந்த இடம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாடகை, அரிசி பருப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், முதியோரின் மருந்து, பட்ட கடன், இன்னும் கொடுக்கப்படாத மஹர், நிறைவேற வேண்டிய ஜகாத் ஆகியவை முன்வரிசையில் நிற்பவை. மஹர் மனைவிக்குரிய கடன் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். மனைவியின் மஹரை நிலுவையில் வைத்துக்கொண்டு அரிய நாணயம் ஒன்றை ஆயிரக்கணக்கில் வாங்குபவர், கடன்காரரின் கண்முன்னே விருந்து வைப்பவரைப் போன்றவர்.

இங்கே சகோதரிகளுக்கும் ஒரு சொல். மனைவிக்குச் சொந்தமான பணம், அவளுடைய மஹர், அவள் ஈட்டியது, அவள் பெற்றோரிடமிருந்து பெற்றது ஆகியவை அவளுடையவையே. மனமுவந்து அவளே தந்தாலன்றிக் கணவன் அதில் கைவைக்க இயலாது (4:4). இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கணவருக்கும் தம் பராமரிப்பிலிருந்த அனாதைகளுக்கும் செலவிடலாமா என்று கேட்டபோது, அதற்கு இரு மடங்கு நற்கூலி உண்டு என நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள் (புகாரி, முஸ்லிம்). மனைவியின் நகையை அடகு வைத்துத் தன் ஆசையை நிறைவேற்றும் கணவன் இந்த ஹதீஸை ஆதாரமாகக் காட்ட முடியாது, ஏனெனில் அவர் தாமே விரும்பிக் கொடுத்தார், எவரும் பறிக்கவில்லை. அதே வேளையில், கணவன் வீட்டுச் செலவுக்கென நம்பித் தரும் பணம் மனைவியின் கையில் அமானிதம். அதில் மிச்சம் பிடித்துக் கணவனுக்குத் தெரியாமல் சேலையும் பாத்திரமும் வாங்கி மறைப்பதும் இதே தராசில்தான் நிறுக்கப்படும்.

மறைப்பதே பெருந்தீங்கு

எட்டயபுரத்தின் சனிக்கிழமை ஆட்டுச் சந்தையை அறியாதவர் இல்லை. குர்பானிக்கு ஓர் ஆடு வாங்க வருபவர் பல்லைப் பார்க்கிறார். எடையைத் தூக்கிப் பார்க்கிறார். நாலு பேரிடம் விலை கேட்கிறார். வீட்டுக்கும் பேசிவிட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அதே மனிதர் இரவில் எல்லோரும் உறங்கிய பின் கைப்பேசியைத் திறந்து, ஏலத்தில் ஒரு பழங்காசுக்கு அந்த ஆட்டின் விலையை ஒரு விரல் தொடுதலில் அனுப்பிவிடுகிறார். பொட்டலம் கடை முகவரிக்கு வருகிறது. மனைவி கேட்டால், நண்பர் கொடுத்தது என்கிறார். அல்லது வாங்கிய விலையில் கால் பங்கைச் சொல்கிறார்.

பொருளைவிட அந்தப் பொய்யே வீட்டை அதிகம் உடைக்கிறது. போன பணத்தை உழைத்து மீட்டுவிடலாம். போன நம்பிக்கையை மீட்க ஆண்டுகள் ஆகும். ஒரு பொருளை வீட்டாரிடம் காட்ட உங்கள் உள்ளம் கூசுகிறதா? விலையைச் சொல்ல நா தயங்குகிறதா? அப்படியானால், அந்தப் பணத்தில் உங்களுக்கு உரிமை இல்லை என்பதை உங்கள் உள்ளமே உங்களிடம் சொல்லிவிட்டது.

இதற்கு மருந்து மஷ்வரா. குழந்தைக்குப் பால்குடி மறக்கடிப்பதைக் கூட இருவரும் கலந்தாலோசித்து மனமொத்துச் செய்யுமாறு அல்லாஹ் கூறுகிறான் (2:233). பால்குடி மறக்கடிப்பதற்கே ஆலோசனை வேண்டும் என்றால், குடும்பத்தின் பணத்துக்கு வேண்டாமா?

மாதத் தொடக்கத்தில் இருவரும் அமருங்கள். கடமைகள், கடன், சேமிப்பு, தர்மம் ஆகியவற்றை எழுதுங்கள். மிஞ்சுவதில் கணவனுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று மனமொப்பி ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். அந்தத் தொகைக்குள் அவர் காசு வாங்கினாலும், அவள் சேலை வாங்கினாலும், ஒருவர் மற்றவரைக் குத்திக் காட்டக் கூடாது. அதற்கு மேல் விலையுள்ள ஒன்று கண்ணில் பட்டால், இரண்டு மூன்று மாத ஒதுக்கீட்டைச் சேர்த்து வைத்து வாங்குங்கள். அல்லது மீண்டும் அமர்ந்து பேசுங்கள். வட்டிக் கடனிலும், வட்டி விழும் அட்டைத் தவணையிலும் எந்தப் பொழுதுபோக்குப் பொருளையும் வாங்கவே வாங்காதீர்கள்.

மனைவியும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கடமைகள் எல்லாம் நிறைவேறிய பிறகு, நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒருவர் தம் சிறு பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் மகிழ்ந்தால், குப்பை என்று சொல்லி அவர் உள்ளத்தைப் புண்படுத்த வேண்டாம். இறைவனுக்கும், உமது ஆன்மாவுக்கும், உமது குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு. அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள் (புகாரி). குடும்பத்தின் உரிமையைக் கூறிய அதே அறிவுரையில் தன் ஆன்மாவின் உரிமையும் இருக்கிறது. பணத்தைப் போலவே நேரமும் பங்கிடப்பட வேண்டியது. பிள்ளை வாப்பா என்றழைக்கும்போது பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்காதவர், பணம் செலவழிக்காமலேயே பிள்ளையின் பங்கை எடுத்துக்கொள்கிறார்.

நாணயம் சேர்ப்போர் கவனத்திற்கு

பலரும் அறியாத ஒரு கடமையை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய வெள்ளி ரூபாய்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அவை பொழுதுபோக்குப் பொருள்தானே என்று ஜகாத்தை விட்டுவிடுகின்றனர். வெள்ளி எவ்வடிவில் முடங்கிக் கிடந்தாலும் வெள்ளியே. நாணயம் அணியும் நகையுமன்று. 1940-க்கு முற்பட்ட பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையுள்ளது. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. வெள்ளியின் நிஸாப் அளவை 595 கிராம் என்றும், 612 கிராம் என்றும் கணக்கிடுகின்றனர். அப்படியானால், ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் அத்தகைய ரூபாய்கள் இருந்து, ஓராண்டு நிறைந்துவிட்டாலே நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமையாகும் நிலை வந்துவிடுகிறது. மற்றச் செல்வத்தோடு சேர்க்கும்போது இதற்குக் குறைந்த எண்ணிக்கையிலும் கடமையாகலாம். சரியான கணக்கை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தம் சொந்த விருப்பத்திற்காக வைத்திருக்கும் நூல், தபால்தலை, செப்புக்காசு ஆகியவற்றுக்கு ஜகாத் இல்லை. விற்று இலாபம் பெறும் எண்ணத்துடன் வாங்கியிருந்தால் அவை வியாபாரப் பொருள். ஆண்டுதோறும் சந்தை மதிப்பிட்டு ஜகாத் கொடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் 786 என்ற எண் உள்ள ரூபாய்த் தாள்களைச் சேர்ப்போர் உண்டு. அது பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குக் கணக்கிடப்படும் கூட்டெண்ணேயன்றி, அத்தாளில் தனிப்பட்ட பரக்கத் இருப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. கையில் தற்செயலாக வந்ததை எடுத்து வைப்பது வேறு. புழக்கத்திலுள்ள பத்து ரூபாய்த் தாளை நூறு ரூபாய் கொடுத்து வாங்குவது வேறு. ஒரே நாட்டு நாணயத்தைக் கூடுதல் குறைவாக மாற்றுவது வட்டியில் சேரும் என்று இக்கால ஆலிம்கள் பலர் எச்சரிக்கின்றனர்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். தன் பெயரைப் பயன்படுத்திச் செய்யப்படும் இத்தகைய மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021-இல் பொதுமக்களை எச்சரித்தது. பழைய தாள், நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ தரகோ கேட்பதுமில்லை என்று தெளிவாக அறிவித்தது. ஒரு நாள் இது கோடி பெறும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தின் சேமிப்பை இப்பெட்டியில் கொட்டுவது முதலீடும் ஆகாது; தவக்குலும் ஆகாது.

நமக்குப் பின்

சேர்த்தவர் கண்மூடிய பின் அந்தப் பொருள் என்ன ஆகிறது? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் வாழ்நாள் முழுதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, 1994-இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாயிற்று. இத்தகைய நல்ல முடிவு எல்லாத் தொகுப்புகளுக்கும் வாய்ப்பதில்லை. பல வீடுகளில் மதிப்பறியாத பிள்ளைகள் எடைக்குப் போடுகிறார்கள். அல்லது மதிப்பறிந்த ஒரு பிள்ளை மற்றவர்களின் பங்கையும் சுருட்டிக்கொள்கிறது.

ஆகவே ஒரு குறிப்பேடு வையுங்கள். என்ன பொருள், எப்போது, என்ன விலைக்கு வாங்கியது, அதில் மனைவியின் பணம் எவ்வளவு, எவருக்கேனும் கடன் பாக்கி உண்டா என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பேடு இருக்கும் இடம் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். வஸிய்யத் செய்ய வேண்டிய ஒன்றை உடையவர், அது எழுதப்படாமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்). நூலகத்துக்கோ மதரஸாவுக்கோ கொடுக்க வேண்டும் என்று வஸிய்யத் செய்தால், கடன்கள் போக எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தம் பொருளைத் தர்மமாக்க விரும்பிய ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவும் அதிகமே என்ற நபி (ஸல்) அவர்கள், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது சிறந்தது என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). நற்காரியத்துக்கே இந்த எல்லை!

அன்பிற்குரியவர்களே! செல்வத்தை எவ்வழியில் ஈட்டினான், எவ்வழியில் செலவிட்டான் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் மறுமையில் அடியானின் பாதங்கள் நகர இயலாது (திர்மிதி). செலவு செய்தால் வீண் விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் காட்டாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களையே அர்ரஹ்மானின் அடியார்கள் எனக் குர்ஆன் போற்றுகிறது (25:67). அந்த நடுநிலையை ஒருவர் தனியாக நிர்ணயித்துக்கொண்டால் தம் பக்கமே சாய்த்துக்கொள்வார். கணவனும் மனைவியும் சேர்ந்து நிர்ணயித்தால் தராசு நேராக நிற்கும். ஆகவே இந்த வெள்ளிக்கிழமை வீடு திரும்பியதும், மறைத்து வைத்தது ஏதேனும் இருந்தால் அதை எடுத்து முன்வையுங்கள். வாங்கிய விலையை உள்ளபடி சொல்லுங்கள். முதலில் சற்றுக் கசப்பு இருக்கலாம். ஆயினும் உண்மையின் மீதுதான் பரக்கத் இறங்கும்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களில் அன்பையும் ஒளிவுமறைவற்ற வாழ்வையும் தருவாயாக! எங்கள் செல்வத்தில் எவருடைய பங்கையும் பறிக்காதவர்களாக எங்களை ஆக்குவாயாக! நாங்கள் சேர்த்தவை மறுமையில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் எங்களைக் காப்பாயாக! ஆமீன். வல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.